கோயிலைக் கண்டால் தளரும் ஓட்டோ

ஞாயிறு காலை 6.20. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்து கிலோமீட்டர்தான். என்றாலும் நான் ஐந்து மணிக்கே சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கும் பல்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பாரிசவாதம் வந்து நான்கு மாதங்களுக்குப் பிறகு என் கணவர் மரியதாசன் முதல்தடவையாகப் பூசைக்கு வருகிறார். வலக்கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. "சிலுவை போட ஏலாத கையோட என்னெண்டு கோயிலுக்கு வாறது? இடக்கையால போடுறதோ?" என்று மறுத்துக்கொண்டே இருந்தவர், நேற்றுத்தான் தலையசைத்தார். மனம் மாறுவதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

ஓட்டோக்காரர் வத்தளைக் கத்தோலிக்கர். போய்வரவும் காத்திருக்கவும் மூவாயிரம் ரூபாய் பேசினார். பம்பலப்பிட்டியில் ஒரு கோயில் வந்ததும் வலக்கையை எடுத்து நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று சிலுவை போட்டு விரல்நுனியை முத்தமிட்டார். ஓட்டோவுக்கு வேகம் கொடுப்பதும் அதே கைதான். வண்டி தளர்ந்தது, பின்னால் பஸ் ஹோர்ன் அலறியது.

"ஐயோ தம்பி, கையை விடாதைங்கோ!"

"பயப்படாதீங்க அன்ரி. இவ்வளவு நாளும் மேல இருக்கிறவர்தானே ஓட்டுறார்."

கோயிலுக்குக் கோயில் இதே கூத்து. என் கையும் தானாக எழுந்தது. மரியதாசன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் அவருடைய வலக்கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

"விடும்!" என்று தோளை உதறினார். கை மறுபடி மடியில் விழுந்தது.

7.30. கொட்டாஞ்சேனையில் பூசை. எனக்கு ஒரு மன்றாட்டும் காதில் ஏறவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் இடக்கையை வலக்கைமேல் வைத்து ஏந்தி வாங்கினார்கள். குருவானவர் நாங்கள் இருந்த வாங்குக்கே இறங்கி வந்தார். "கை வேண்டாம், நாவில தாறன்," என்றார் மெதுவாக. மரியதாசன் வாயை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இதற்குக் கையே தேவையில்லையே!

8.45. வெளியே படியில் இருந்துகொண்டு அவரே சொன்னார்.

"கையில பழியைப் போட்டிட்டன், மேரி. எனக்கு ஆண்டவரோட கோவம். அறுபது வருசமாப் போட்ட சிலுவைக்கு இதுவோ? நீர் கோவியாதையும்."

எனக்கும் கோபம்தான். என் கை எழும்பிக்கொண்டிருந்ததால் அது ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குக்கூட.

9.20. திரும்பும் வழியில் பம்பலப்பிட்டிக் கோயில் வந்தது. ஓட்டோ தளர்ந்தது, ஓட்டோக்காரரின் கை எழுந்தது. மரியதாசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வலக்கை எழவில்லை. அவருடைய மரத்த கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட மனம் வரவில்லை.