ரஹ்மத்தின் தலையில் ஒரு புள்ளி

காயல்பட்டினத்தில் ஆமிராவின் கைத்தையலுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் நாக்கு வெந்துபோகும். கணவர் காஜா முஹ்யித்தீன் துபாயில் வேன் ஓட்டுகிறார். மாடி வீடு, பால்கனி நிறையத் தொட்டிகள், மடி நிறைய நூல் என்று அவள் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காள் ஸஹ்லாவின் மகள் ரஹ்மத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை நௌஃபலுக்கும் துபாயில்தான் வேலை. மாப்பிள்ளை வந்து தங்கப்போகும் அறைக்கு இரண்டு தலையணை உறை, இரண்டிலும் இருவர் பெயரும் அரபி எழுத்தில். அது சாச்சி ஆமிராவின் பொறுப்பு. அந்த வாரம் அவள் டிவியைக்கூடத் தொடவில்லை. ஆறு வருஷமாகத் துணைக்கு வரும் முத்துமாரி காலையிலேயே ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். பூவும் இலையும் முத்துமாரி கை, எழுத்து முழுக்க ஆமிரா கை.

இடுப்பு வலித்தால் இருவரும் பால்கனிக்குப் போவார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு. மல்லிகை கருகுகிறதே என்று முத்துமாரி ஆற்று வண்டலைப் பையில் சுமந்துவந்து தொட்டியில் போட்டாள். பழைய எண்ணெய் கேனை வெட்டி, வண்ணமடித்து, புதினா நட்டார்கள். வியாழக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லாத வாரம்.

வியாழக்கிழமை முத்துமாரி இரண்டு உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எக்கா, இதுல மேல ஒரு புள்ளி இருக்கு, அதுல இல்லியே. ரெண்டும் ஒரே பேருதான?"

ஆமிராவுக்குச் சுருக்கென்றது. எழுத்தைச் சுற்றி அழகுக்காக முத்து முத்தாக முடிச்சுத் தையல் போட்டிருந்தாள். அதைப் போய்ப் புள்ளி என்கிறாளே! "ஏளா, மொத எழுத்து அலிஃபே தெரியாதவ எனக்கு எழுத்து சொல்லித் தாரியாக்கும்? பூவைப் பாத்துப் போடு" என்றாள். முத்துமாரி குனிந்துகொண்டாள். ஆமிரா அந்த உறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன, கண் அவிந்தா போயிருக்கும்?

உறைகள் அறைக்குப் போய், நிக்காஹும் முடிந்து, திங்கட்கிழமை காலை ஸஹ்லாவின் போன் வந்தது. குரலில் நெருப்பு. "என்னளா செஞ்சு வச்சிருக்க? மாப்பிள்ளை படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்காரு. ரஹ்மத்னு இல்லியாம், ஸஹ்மானு இருக்காம். வந்தவங்க எல்லாரும் எம் பிள்ளையை டிராபிக் ஜாம்னு கூப்பிடுதாங்க. அவ அழுதுக்கிட்டு கெடக்கா!"

ரா என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விழுந்தால் அது ஸா ஆகிவிடும் என்று குர்ஆன் ஓதத் தொடங்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். துபாய் ரோட்டு நெரிசலில் நின்றபடி 'ஸஹ்மால மாட்டிக்கிட்டேன்' என்று காஜா முஹ்யித்தீன் போனில் தினமும் சொல்வது அந்தச் சொல்தான். அருள் என்று பொருள்படும் பெயரை நெரிசல் ஆக்கிவிட்டாளே! ஆமிராவின் வாய் தானாகவே சொன்னது: "நான் இல்ல ராத்தா. முத்துமாரிதான் தெரியாம வச்சிருப்பா. அவளுக்கு எழுத்து என்ன கண்டது?"

"அப்ப இனி நம்ம வீட்டுச் சாமான்ல அவ கை படவே வேண்டாம். ஆளை நிப்பாட்டிரு" என்று ஸஹ்லா போனை வைத்தாள்.

திரும்பினால், பால்கனி வாசலில் முத்துமாரி. கையில் தண்ணீர்க் குவளை. கேட்டுவிட்டாள் என்று அந்த முகமே சொன்னது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே. ஆமிரா நூல்கண்டைத் தேடுவதுபோலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "எக்கா, வாரேன்" என்று முத்துமாரி காலை பத்தரைக்கே கிளம்பிப் போனாள். மறுநாள் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆமிராவுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் வண்டல் மண்ணைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்பத்தாறு வயதில், ஐந்து வேளை தொழுகிறவள், ஒரு புள்ளிக்காகப் பொய் சொன்னாளே! புதன்கிழமை துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சொல்லித்தான் தீருவது என்று ஸஹ்லா வீட்டுக்கு நடந்தாள்.

ரஹ்மத் சிரித்த முகமாக வரவேற்றாள். "கவலைப்படாதீங்க சாச்சி, புள்ளியைப் பிரிச்சாச்சு. முத்துமாரி அக்கா நேத்தே வந்துச்சு. 'எம் மேலதான் தப்பு, அக்கா எழுத்துல தப்பே வராது, அவங்களை ஏசாதீங்க'ன்னு சொல்லி, துணி சேதமாகாம அதுவே பிரிச்சுக் குடுத்துட்டுப் போச்சு."

ஆமிரா உள்ளே நின்ற ஸஹ்லாவின் பக்கம் திரும்பினாள். "ராத்தா, அந்தப் புள்ளி நான் வச்சது. அவ வியாழக்கிழமையே எனக்குச் சுட்டிக் காட்டினா. நான்தான் அவ வாயை அடைச்சேன்."

ஸஹ்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவளை வாசல்லயே நிக்க வச்சு ஏசினேன்ளா. உள்ள வான்னுகூடச் சொல்லல. வாசப்படியில உக்காந்துதான் பிரிச்சா. நான் தெரியாம ஏசினேன், போய் மாப்புக் கேட்டுருவேன். தெரிஞ்சே செஞ்ச நீ என்னன்னு கேப்ப?"

ஆமிரா அங்கிருந்தே முத்துமாரி வீட்டுக்கு ஆத்தூர் பஸ் ஏறினாள்.