குறிப்புக் கட்டத்தில் இருந்தவை

பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் அக்கா ஒருவர் யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் இருக்கிறார். படுக்கையில் விழுந்த தன் தாய்க்கு மாலைகளில் மின்நூல்களை வாசித்துக் காட்டிவந்தவர். தாய் இறந்த சில மாதங்களில் மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார்.

“பாதிப் புத்தகத்துக்கு அட்டைப்படம் இல்லை. எழுதினாக்களின்ரை பேரும் பிழை பிழையாக் கிடக்கு. ஒருக்காத் திருத்தித் தாரும்.”

நூல்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. தலைப்பு, ஆசிரியர், குறிப்பு என்று ஒவ்வொரு நூலுக்கும் கட்டங்கள். எல்லா நூல்களையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, இணையத்திலிருந்து விவரங்களை இறக்கச் சொன்னேன். பழைய விவரங்கள் மாறிவிடும், தொடரலாமா என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்று அழுத்தினேன். அட்டைப்படங்கள் பளிச்சென்று வந்து நிரம்பின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், இடைவேளையில் அக்கா என்னைத் தேடி வந்தார்.

“வாசிச்சு முடிய அம்மா சொல்லுறதையெல்லாம் குறிப்பிலை எழுதி வைச்சனான். ஒண்டையும் காணேல்லை.”

திறந்து பார்த்தேன். தாயின் பேச்சு இருந்த இடமெல்லாம் பதிப்பகங்களின் விளம்பர வரிகள். அந்தக் குறிப்புகள் நூல்களுக்குள் இல்லை, மென்பொருளின் சேமிப்பில் மட்டும் இருந்தவை, அதன் மேல்தான் நான் புதியதை எழுதிவிட்டேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

“திருப்பி எடுக்கேலாதே?”

அவரிடம் பழைய மின்நூல் வாசிப்புக் கருவி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு நூலை அனுப்பும்போது, அன்றைய விவரங்களை அந்தப் பிரதிக்குள்ளேயே மென்பொருள் எழுதி அனுப்பும். அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். குறிப்பு எழுதிய பிறகு அவர் அனுப்பியிருந்த சில நூல்களில் குறிப்புகள் தப்பியிருந்தன. கடலைப் பற்றிய நாவல் ஒன்றில், அதை எழுதியவரைப் பற்றித் தாய் சொன்னது இப்படி இருந்தது: “உவர் ஒருநாளும் கடலுக்குப் போகேல்லைப் போல. காத்து எங்கையிருந்து வருதெண்டே தெரியேல்லை.”

அக்கா சிரித்தார். சிரித்தபடியே அழுதார். மற்ற நூல்களை அவர் மடிக்கணினியிலேயே வைத்திருந்தார். அவற்றின் குறிப்புகள் போனது போனதுதான்.

“நீர் வேணுமெண்டே செய்தனீர்? விடும்,” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது சனிக்கிழமைகளில் போகிறேன். அவர் நினைவுக்கு வந்ததைச் சொல்ல, நான் தட்டெழுதுகிறேன். போன கிழமை பாதியில் நிறுத்தினார்.

“இது அம்மா சொன்னதோ, நான் நினைச்சதோ தெரியேல்லை. எழுதாதேயும்.”

எழுதிய அரை வரியையும் அழித்தேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.