கூப்பிடாத குரல்

நியூஜெர்சியில் நான் வேலை பார்க்கும் படகுக் கொட்டகையில், பனி விழுமுன் படகுகளை மூடிக் கட்டும்போது, ஈரத் தார்ப்பாயின் நாற்றத்தில், கடலுக்குள் போய்விட்ட எங்கள் கரை நினைவுக்கு வரும். அங்கே மழைக்காலம் தொடங்கினால் நாள் முழுக்கக் கயிறு முறுகும் சத்தம் கேட்கும், வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து ஓலையால் மூடுவார்கள், ஆனால் வள்ளக்காரர் குரல் கொடுக்காமல் யாரும் கயிற்றில் கை வைக்க மாட்டார்கள். அப்பா கூச்சக்காரர். ஒரு வருடம் மழை தொடங்கிய இரவில் எங்கள் வள்ளம் மட்டும் இன்னும் கரையோரத்தில் நின்றது.

"வாயத் தொறந்து கூப்பிடுய்யா, கடல் ஏறுது," என்றாள் அம்மா.

"எல்லாரும் சாப்புடுற நேரம். காலையில பாக்கலாம்," என்றார் அப்பா.

விடிந்தபோது வள்ளமும் இல்லை, அது நின்ற மணலும் இல்லை.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமேண்ணே" என்று ஊரார் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள்.