சகலையின் ஒன்பது கேள்விகள்

என் சகலைக்கு வெல்டிங் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டபோது அவன் ஒரு செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தான். இரும்புப் பட்டைக்கும் இரும்புக் குழாய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிப்பான். அப்பேர்ப்பட்டவன் செய்து போட்ட பெஞ்சில்தான் இந்த நகரமே பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்குகிறது. இருபத்திரண்டு வருடமாகப் பற்றவைத்துப் பற்றவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட நான், அந்தப் பெஞ்சுகளைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து மூட்டுகளைப் பார்ப்பேன். எல்லாம் கோணல். சரி, எல்லாம் இல்லை, சிலது.

நேரில் பார்த்தால் "வாங்க சகல, உக்காருங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவேன். அவனும் வாய் நிறைய "அண்ணே" என்பான். மனதுக்குள் மட்டும் அவன் இவன்தான். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான். மாமியார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் நாற்காலி அவனுக்கு. நான் கதவோரம். மூத்த மருமகன் நான் என்பது அந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

செருப்புக் கடையில் இருந்தவன் மாநகராட்சிக்குள் எப்படி நுழைந்தான் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளாத நாளில்லை. யாரையோ கையில் போட்டுக்கொண்டான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அவ்வளவு சுவையானதில்லை. அந்தச் செருப்புக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டதும் ஒரு சின்ன கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பற்றவைக்க இரண்டு பேரை வைத்துக்கொண்டான். பொருள் வழங்குவோர் பட்டியலில் பெயரைப் பதிந்தான். திங்கட்கிழமை தவறாமல் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை படிப்பான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, கையில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கோப்பு. முதலில் கிடைத்தது கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் மாற்றும் வேலை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அடுத்தது குப்பைத்தொட்டித் தாங்கிகள். அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஐந்தாம் வருடம் பூங்கா பெஞ்சுகள் வந்ததும் சிரிப்பு சுத்தமாக நின்றுபோய், வயிறு எரிய ஆரம்பித்தது.

இன்னொரு கிறுக்குத்தனமும் உண்டு அவனிடம். தான் கலந்துகொள்ளாத டெண்டரைத் திறக்கும்போதும் போய் உட்கார்ந்துகொள்வான். அங்கே ஒவ்வொருவரின் விலையையும் எல்லோர் காதிலும் விழும்படி படிப்பார்கள். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவான். வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் என் பட்டறை படுத்துவிட்டது. ஜன்னல் கம்பி, கேட் என்று வந்துகொண்டிருந்த வேலையெல்லாம் ரெடிமேடு அலுமினியம் வந்ததும் போயே போய்விட்டது. மூன்று மெஷின்களில் ஒன்றுதான் ஓடியது. விஷயம் மாமியார் காதுக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த அம்மா ஆரம்பித்தார்.

"எதுக்குத் தனியாக் கெடந்து கஷ்டப்படறீங்க? சின்ன மாப்பிள்ளை பட்டறையிலயே மேஸ்திரியா இருந்துடலாமே. மாசம் பொறந்தா சம்பளம்."

சகலை தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணே இஷ்டம். எப்ப வேணாலும் வரலாம்" என்றான்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள். செருப்புக் கடைக்காரனிடம் நான் கைகட்டிச் சம்பளம் வாங்குவதா? என் பட்டறையின் ஷட்டரை என் கையாலேயே இழுத்து மூடுவதா? ஒன்று மட்டும் முடிவு செய்தேன். அந்த வருடப் பெஞ்சு டெண்டரை அவனிடமிருந்து பிடுங்கியே தீருவது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாநகராட்சிக்கு மூன்று வருடம் பொருள் கொடுத்த அனுபவம் இருந்தால்தான் டெண்டர் போட முடியும். எனக்கு மூன்று நாள் அனுபவம்கூடக் கிடையாது. இருந்தாலும் போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தா, "இந்த வருஷம் அந்த நிபந்தனை இல்லீங்க. எடுத்துட்டாங்க. சொந்தப் பட்டறை இருந்தாப் போதும்" என்று எண்பத்தாறு பக்கக் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். எனக்கு நல்ல நேரம் பிறந்துவிட்டது என்று துள்ளிக் குதிக்காத குறைதான்.

எண்பத்தாறு பக்கத்தை யார் படிப்பது? பெஞ்சின் படமும் அளவும் முன்பக்கமே இருந்தன. பெஞ்சு பெஞ்சுதானே. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரை குத்தித் தர வேண்டும். நான் கையெழுத்துப் போடப் போட என் மனைவி முத்திரை குத்திக்கொண்டே வந்தாள். நாற்பது பக்கம் தாண்டியதும் இருவருக்கும் நல்ல வேகம் பிடித்துவிட்டது.

மறுநாள் அவளுக்குத் தங்கை வீட்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து சொன்னாள்.

"ஏங்க, அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாராம். கடைசி ஆறு பக்கம் திருத்தமாம். அதைப் படிச்சிட்டு வெலை போடச் சொன்னாரு."

"ஓஹோ! நான் பயந்துபோய் வெலைய ஏத்தணும், அவரு அலுங்காமக் குலுங்காம எடுத்துட்டுப் போகணும். அதானே? யார்கிட்ட காது குத்தறாரு?"

"படிச்சுத்தான் பாருங்களேன். என்ன கொறஞ்சிடப் போகுது?"

"நீ யாருக்குப் பொண்டாட்டி? எனக்கா, உன் தங்கச்சி வீட்டுக்கா?"

அவள் முத்திரையை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போன வருடம் அவன் என்ன விலைக்கு எடுத்தான் என்பது எனக்குத் தெரியும். அதில் நூற்றுக்குப் பத்து குறைத்து எழுதிக் கவரை ஒட்டினேன்.

டெண்டரைத் திறந்த அன்று ஏழு கவர்கள் இருந்தன. என் கவரை ஐந்தாவதாகப் பிரித்தார்கள். என் விலையைப் படித்ததும் அறையில் ஒரு சலசலப்பு. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. சகலையின் விலை என்னுடையதைவிட எங்கேயோ மேலே இருந்தது. ஆளுக்குப் பேராசை என்று நினைத்துக்கொண்டேன். நூற்றிருபது பெஞ்சுகளும் எனக்கே.

வெளியே வராந்தாவில் அவன் என் பின்னாலேயே வந்தான். "அண்ணே, அடித்தளத்தையும் சேர்த்துத்தானே வெலை போட்டீங்க?" என்று கேட்டான்.

எனக்கு எதைப் பற்றிப் பேசுகிறான் என்றே புரியவில்லை. "எல்லாத்தையும் சேர்த்துத்தான் சகல. ஒங்களுக்கு மட்டுந்தான் கணக்குத் தெரியுமா?" என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மாமியாருக்கு நானே போன் போட்டேன். பட்டறையை மூடப்போவதில்லை என்று சொன்னேன்.

ஒரு வாரம் ராஜாவாக இருந்தேன். எட்டாம் நாள் பணி ஆணை வாங்கப் போனபோது, பூங்காப் பிரிவுப் பொறியாளர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"குழி தோண்ட எப்ப ஆள் அனுப்புவீங்க?"

"என்ன குழிம்மா?"

"ஒரு பெஞ்சுக்கு நாலு குழி. கான்கிரீட் போட்டுக் காலைப் பதிக்கணும்ல. போன வருஷம் சும்மா வெச்ச பெஞ்சை எல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அது டெண்டர்ல இல்லையேம்மா!"

அவர் கட்டைப் புரட்டி எண்பத்திரண்டாம் பக்கத்தை என் முன்னால் வைத்தார். அதன் அடியில் என் கையெழுத்து. மேலே என் மனைவி நேராகக் குத்திய முத்திரை. முடியாது என்று ஒதுங்கினால் டெண்டரோடு கட்டிய முன்பணம் போய்விடும், ஐந்து வருடம் கறுப்புப் பட்டியலில் பெயர் இருக்கும் என்றார். செய்தால் நானூற்று எண்பது குழிக்கான செலவு என் தலையில். இரண்டில் எதைச் செய்தாலும் பட்டறை காலி.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. கடைசி ஆறு பக்கங்களில், டெண்டருக்கு முன் நடந்த விளக்கக் கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், அலுவலகம் என்ன பதில் சொன்னது என்று போட்டிருந்தது. வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் மாநகராட்சிக்கு வருடக்கணக்காகப் பொருள் கொடுக்கிற பழைய ஆட்கள். மொத்தம் பதினொரு கேள்விகள். அதில் ஒன்பது என் சகலை கேட்டவை.

நான்காவது கேள்வி: பெஞ்சைத் தரையில் பதிக்க வேண்டுமா, வைத்தால் போதுமா? பதில்: பதிக்க வேண்டும்.

"பாவி! சும்மா இருந்தவங்களைக் கேள்வி கேட்டே என்னைக் கவுத்துட்டானே!" என்று கத்தினேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த பக்கத்தை அவள்தான் திருப்பினாள். திருப்பியவள் விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

ஏழாவது கேள்வி. அதுவும் அவன் கேட்டதுதான். நல்ல வேலைத்திறன் உள்ள சிறு பட்டறைகளும் கலந்துகொள்ள, மூன்று வருட அனுபவ நிபந்தனையை நீக்க முடியுமா? பதில்: நீக்கப்படுகிறது.

அவள் எழுந்துபோய் என் சட்டையை எடுத்துவந்து கொடுத்தாள்.

சகலை வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அதில் அடித்தளத்துக்கு எவ்வளவு சிமென்ட், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்.

"குழி வேலைய உப ஒப்பந்தமாக் குடுக்கலாம்ணே, அறுபத்தியோராம் பக்கத்துல அனுமதி இருக்கு. எங்கிட்ட கான்கிரீட் ஆளுங்க சும்மாதான் இருக்காங்க. கூலியும் பொருளும் மட்டும் குடுங்க. ஒங்களுக்கு லாபம் நிக்காது. ஆனா பட்டறை நிக்கும்."

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். போட்டு முடித்ததும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சகல, அந்த ஏழாவது கேள்வி. அதை ஏன் கேட்டீங்க?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான்.

"அதுவாண்ணே? எல்லாம் சுயநலந்தான். ஒரே ஆள் டெண்டர் போட்டா ரத்து பண்ணிடுவாங்க. போட்டிக்கு ஆள் இல்லாமப் போயிடுமோன்னு பயம். அதான் கேட்டு வெச்சேன். வேற ஒண்ணுமில்ல."

கூட்டத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள், போட்டிக்கு ஆள் பஞ்சமே இல்லை என்பதை நான் படித்திருந்தேன். அதையும் நான் கவனித்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அதானே பார்த்தேன்" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெல்டிங் தெரியாது, கோணல் மூட்டு, செருப்புக் கடை என்று அவனைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை. வயிறு எரிந்தது. அன்றைக்கு எரிந்தது போல் அதற்கு முன்னால் என்றைக்கும் எரிந்ததில்லை.