காலிப் பெட்டி பழகிய கை

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவன் அண்ணன். பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல்களைத் திறப்பாள், தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுவாள், போனில் பேசினால் கூடத்துக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு பாதையே தேய்ந்துவிடும். "உக்காந்தா முள்ளு குத்துமாடி உனக்கு?" என்று அம்மா கேட்பாள். பதில் சொல்வதற்குள் அவள் அடுத்த அறையில் இருப்பாள்.

பட்டம் வாங்கியதும் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கால்கள் மேஜைக்கடியில் தாமாகவே ஆடி, எதிர் மேஜைக்காரரின் தேநீரைக் கவிழ்த்த அன்று வேலையை விட்டாள். பிறகு, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பெட்டிக் கடையில் சேர்ந்தாள். வெற்றிலை பாக்குப் பெட்டிக்கடை இல்லை. சூட்கேஸ், பயணப் பை, சக்கரம் வைத்த ட்ராலி விற்கும் கடை. படித்த பெண் பெட்டி விற்பதா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அண்ணன்தான், "விடும்மா, அங்க நாற்காலியே கிடையாதாம். அவளுக்குப் பிடிச்ச ஆபீஸ்," என்றான்.

அந்தக் கடையில் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். பெரிய பெட்டியின் விலைச்சீட்டு கண்ணுக்குத் தெரியும்படி மேல்தட்டின் விளிம்பில் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். வாடிக்கையாளர் கேட்டால் இறக்க வேண்டும், திறந்து காட்ட வேண்டும், அவர் உதட்டைப் பிதுக்கினால் திரும்ப ஏற்ற வேண்டும். ஸ்டூல் ஒன்று இருந்தது. அதை இழுத்துக்கொண்டு வருவதற்குள் பம்பரத்துக்குப் பொறுக்காது. அதனால் அவளே ஒரு வித்தையைப் பழகிக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றி, முழங்கால் பக்கமாக ஒரு வீச்சு வீசி, கைகளை நீட்டியபடியே பெட்டியை மேலே விடுவாள். அது தட்டை நெருங்கும்போது விரல் நுனியால் ஒரு தள்ளு. பெட்டி சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெறும் பெட்டிதானே, உள்ளே காற்றைத் தவிர என்ன இருக்கிறது? வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பில் போடும் அக்கா, "சர்க்கஸ்ல சேர வேண்டியவ, வழி தப்பி இங்க வந்துட்டா," என்பாள்.

ஒரு நாள் விமானப் பணிப்பெண்கள் இருவர் ட்ராலி வாங்க வந்தார்கள். அவர்களுடைய பழைய பெட்டியின் ஜிப் வாயைத் திறக்க மறுத்துவிட்டதாம். மெழுகைத் தேய்த்து அதைத் திறந்து கொடுத்தபடியே பம்பரம் அவர்கள் வேலையைப் பற்றி விசாரித்தாள். ஏறினது முதல் இறங்குகிற வரைக்கும் காலிலேயே நிற்க வேண்டும், உட்காரவே நேரம் கிடையாது என்று இருவரும் மாறி மாறிப் புலம்பினார்கள். அவள் காதில் அது புலம்பலாக விழவில்லை. வரம் மாதிரி விழுந்தது. அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்து, "நடக்கிறதுக்குச் சம்பளமா? போ, உடனே போ," என்றான்.

அவள் விண்ணப்பம் போடுவதற்குள் அவன் போய்விட்டான். மழையில் வண்டி சறுக்கியது. அவ்வளவுதான் சொன்னார்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் அசைவது அவள் ஒருத்திதான் என்று ஆனது. அம்மா அடுப்படியை விட்டு வருவதில்லை. அண்ணனின் அறை வாசலைக் கடக்கும்போது சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளோடு பழகிய கை, எதையும் ஓசையில்லாமல் வைக்கும். விடுமுறை நாளில் அண்ணனின் அலமாரியிலிருந்து கட்டடவியல் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. யாரும் தொட்டதும் இல்லை. பம்பரத்துக்கு அந்த அமைதி நெருப்பின் மேல் நிற்பது போல இருந்தது. கடைக்கு முன்னதாகப் போனாள், கடை மூடியபின் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வந்தாள். எங்கே போனாலும் கால் நின்றதே தவிர மனசு நிற்கவில்லை.

அந்த வேகத்தில்தான் விண்ணப்பம் போட்டாள். அழைப்பும் வந்தது. ஒரு பயிற்சி நிலையத்தின் பெரிய அறை. நடுவில் இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு விமான இருக்கைகளையும் அவற்றுக்கு மேலே மூடி போட்ட சாமான் பெட்டகத்தையும் பொருத்தியிருந்தார்கள். பேச்சுத் தேர்வில் தேறினாள். குதிகாலை உயர்த்திக் கை எட்டவேண்டிய கோட்டையும் எட்டினாள். கடைசியாக ஒரு ட்ராலியைக் காட்டி, அதை மேலே ஏற்றச் சொன்னார்கள். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கடையிலேயே விற்கிற ரகம்.

கைப்பிடியைப் பிடித்தாள், வீசினாள். உள்ளே என்ன வைத்திருந்தார்களோ, பெட்டி பாதி வழியில் மனசை மாற்றிக்கொண்டது. நீட்டிய கைகள் அதன் கனத்தைத் தாங்கவில்லை. சக்கரம் சட்டத்தில் இடித்துத் திரும்பி, அவள் தோளைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு, காலியாக இருந்த இருக்கையின் மேல் தொப்பென்று விழுந்தது.

கொண்டையை இறுக்கி முடிந்திருந்த தேர்வாளர் அம்மா எழுந்து வந்தார். கோபப்படவில்லை. இருக்கையைக் காட்டி, "இங்க ஒருத்தர் உக்காந்திருந்தா?" என்றார்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இருக்கையைப் பார்த்தாள். மற்றதெல்லாம் நன்றாக இருப்பதால் அடுத்த சுற்றுக்கு ஒரு தடவை வரலாம் என்றார்கள். அதற்கும் அடுத்த சுற்றுக்கு வயது இடம் கொடுக்காது. இருப்பது ஒரே வாய்ப்பு.

அவள் தோளைப் பார்த்த, அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி சில நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். தூக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தாள். கால்களை அகட்டி, ஒன்றைச் சற்று முன்னால் வைக்க வேண்டும். குனியக் கூடாது, முட்டியை மடக்க வேண்டும். பெட்டி உடம்பை ஒட்டியே வர வேண்டும். தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. நடுவில் எதன் மேலாவது நிறுத்தி, பிடியை மாற்ற வேண்டும்.

எல்லாம் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. தோள் சரியாகிக் கடைக்குத் திரும்பிய முதல் நாளே, யாரோ கேட்ட பெட்டியைக் காட்டி முடித்து, யோசிக்காமல் ஒரே வீச்சில் மேலே விட்டாள். ஆடிய கால் சும்மா இருக்காது என்பார்கள். வீசிய கையும் அப்படித்தான். மறுநாள் முதல் ஸ்டூலை இழுத்து வந்து ஏறினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பில் போடும் அக்கா, "என்னடி, சர்க்கஸ் மூடிட்டாங்களா?" என்று கேட்டாள். ஸ்டூலில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளங்கை நமநமத்தது. நாளுக்கு இத்தனை காலிப் பெட்டிகளைத் தூக்கும் கை, கனமான பெட்டியை எப்போது பழகும்? கடையில் புதுப் பெட்டிக்குள் எதையும் போட முதலாளி விடமாட்டார்.

வீட்டில் கிடந்த பழைய ட்ராலியில் முயன்றாள். துணியை அடைத்தாள், கனம் போதவில்லை. தண்ணீர்ப் பாட்டில்களை வைத்தாள், உருண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூடி கழன்று, கூடமெல்லாம் வெள்ளமானது. அம்மா துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் கெட்டியான கனம் என்று ஒன்று இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் அண்ணன் அறை வாசலில் நடந்தாள்.

ஒரு பிற்பகல் உள்ளே போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா படுத்திருந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தடித்த புத்தகங்களாகப் பார்த்து எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். கூடத்துச் சுவரில் தலைக்கு மேலே பாத்திரம் வைக்கும் தட்டு ஒன்று உண்டு. பாத்திரங்களை இறக்கிவிட்டு, அதற்குக் கீழே மர நாற்காலியை இழுத்துப் போட்டாள். முட்டியை மடக்கினாள். பெட்டியை மார்போடு ஒட்டித் தூக்கி நாற்காலியின் முதுகு விளிம்பில் நிறுத்தினாள். மூச்சு விட்டாள். ஒரு கையை அடிப்பக்கம் கொடுத்து, மறு கையால் பக்கவாட்டைப் பிடித்து, தொடையிலிருந்து எழும்பினாள். சக்கர முனை தட்டின் விளிம்பைத் தொட்டது. உள்ளங்கையால் தள்ளினாள். போய்விட்டது.

இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். நடுவில் புத்தகங்கள் சரிந்தபோது பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறக்கித் திறந்து, கனத்தைச் சக்கரப் பக்கமாக அடுக்கி மூடினாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வியர்வை கண்ணில் இறங்கிய நேரத்தில் வாசல் கதவு திறந்தது. பள்ளிக்கூடம் அன்று சீக்கிரம் விட்டிருந்தார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றியபடியே திறந்து கிடந்த அறையைப் பார்த்தார். பிறகு அலமாரியின் காலித் தட்டை. பிறகு அவளை.

"அதுல என்னம்மா வச்சிருக்க?"

"அண்ணன் புக்குப்பா."

அவர் கிட்டே வந்து பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த புத்தகத்தின் மடங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். நீவிக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்து அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரம் மடங்குது பாரு," என்றார் அப்பா. "இடையில துணி வச்சு அடுக்கு. ஆடாது."

"நல்லா சொல்லிக் கொடுங்க," என்றாள் அம்மா. பல மாதமாக அவள் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. "ஒருத்தன் ரோட்டுல போனான். இவ வானத்துல போறேங்கறா. நீங்க துணி வச்சு அடுக்கிக் கொடுத்து அனுப்புங்க."

அப்பா உள்ளே போய்த் தன்னுடைய பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து கிழித்தார். பம்பரம் தரையில் உட்கார்ந்து, அவர் நீட்டிய துண்டுகளைப் புத்தகங்களுக்கு நடுவில் செருகினாள். அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அன்று முதல் கடை விட்டதும் பம்பரம் நேரே வீட்டுக்கு வந்தாள்.

இரண்டாம் சுற்று நாளில் அவளால் நடைவழியில் நிற்க முடியவில்லை. வரிசையை விட்டு இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமலே திரும்பினாள். உள்ளே அதே சட்டம். இந்த முறை ஓர இருக்கையில், தேர்வுக்கு வந்த இன்னொரு பெண்ணைப் பயணியாக உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெண் கைகளை மடியில் கட்டிக்கொண்டு கண்ணை உயர்த்தி உயர்த்திப் பெட்டகத்தைப் பார்த்தாள். அவளும் பயந்துதான் இருந்தாள்.

பம்பரம் முட்டியை மடக்கினாள். பெட்டி உடம்பை ஒட்டி வந்தது. இருக்கையின் முதுகு விளிம்பில் நிறுத்தினாள். பிடியை மாற்றி எழும்பியபோது உள்ளே ஏதோ சரசரவென்று கைப்பிடிப் பக்கமாக ஓடியது. கனம் இடம் மாறிவிட்டது. அந்த நொடியில் அவள் கை வீசப் பார்த்தது. தோளிலிருந்து விரல் வரை அந்தப் பழைய வீச்சு கிளம்பியதை அவளே உணர்ந்தாள். ஒரு வீச்சு வீசினால் மேலே போய்விடும். போகாவிட்டால் கீழே ஒரு தலை இருக்கிறது. எல்லோரும் பார்க்க, பெட்டியை மெதுவாகத் திரும்ப இறக்கித் தரையில் வைத்தாள். அறையில் யாரோ இருமினார்கள். போச்சு என்று நினைத்தாள்.

"கொஞ்சம் எழுந்து இந்தப் பக்கம் வந்துடுறீங்களா?" என்று உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டாள். அவள் நகர்ந்ததும், "நான் அடியில பிடிக்கிறேன். நீங்க அந்த முனைய மட்டும் தாங்குங்க. வெயிட் உங்க பக்கம் வந்தா சொல்லுங்க, இறக்கிடலாம்," என்றாள்.

இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள், பிடியை மாற்றினார்கள், ஏற்றினார்கள். மூடியை அழுத்திப் பூட்டு விழும் ஓசையைக் கேட்டபிறகே கையை எடுத்தாள்.

தேர்வாளர் அம்மா அவள் தாளில் ஏதோ குறித்தார். "தனியா தூக்கத்தானே சொன்னோம்?" என்றார்.

"தூக்கிப் பாத்தேன் மேடம். கனம் ஒரு பக்கமா ஓடுது. கீழ ஆள் இருக்காங்க." கொஞ்சம் நின்று, "தனியா ஏத்தினாத்தான் பாஸுன்னா, அவங்களத் தள்ளி உக்கார வச்சுட்டு, திறந்து சரியா அடுக்கி, மறுபடி தூக்குறேன்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். திறக்கச் சொல்லவில்லை. வெளியே காத்திருக்கச் சொன்னார். நடைவழியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவள் நடந்த நடையில், காவலாளி அவளுக்காகவே நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். மதியத்துக்குமேல் தேர்வானவர்களைக் கூப்பிட்டார்கள். கடைசிக்கு முந்தியது அவள் பெயர். பயிற்சி அடுத்த மாதம், வேறு ஊரில்.

வீட்டுக்கு வந்து அடுப்படி நிலையருகே நின்று சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். அம்மா திரும்பவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைக் கிளறியபடியே, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. கேக்கல."

"கேக்காம வந்துட்டாளாம்." அம்மா தீயைக் குறைத்தாள். "போன் போட்டுக் கேளு. இப்பவே."

பம்பரம் போனை எடுத்தாள்.