உப்பளப் படத்தை அழித்த ரெஜினா அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்தபோது துரைசாமி அண்ணனிடமிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. அவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரணமில்லாமல் கூப்பிட மாட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

"பத்மா, அக்கா போயிட்டாங்கம்மா. டீ குடிச்சிட்டு இருந்தாங்க. கிளாஸ கீழ வைக்கல, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார்.

மாரெட்பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் தமிழ்ப் பட கேசட் கடை நடத்திய ரெஜினா அவர்களை இந்த ஊர்த் தமிழர்களில் பலர் அறிவார்கள். அவருடைய தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர். அக்கா ரயில்வே குடியிருப்பில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். தமிழும் உருதுவும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே மொழியாக வரும். மேல் வரிசையில் ஒரு முன்பல் இருக்காது. சிரிக்கும்போது அதை மறைக்க மாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது தொண்ணூற்று ஒன்பதில். திருமணமாகி மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நானும் என் அன்றைய கணவர் பாஸ்கரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தோம். கடைக்குள் நுழைந்தபோது அக்கா கவுண்டருக்கு மேலே ஏறி நின்று, எதிரே நின்ற ஒருவரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். சண்டைக்காட்சி நடுவில் தன் வீட்டுப் பிறந்தநாள் விழாவைப் பதிவுசெய்து கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

"வில்லன் மண்டைய உடைக்கிற நேரத்துல உன் பொண்ணு கேக் வெட்டுறா! இன்னொரு கேசட் வாங்கினு வா. இல்ல, மண்டை இருக்கு, இங்கயே வெட்டலாம்" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, அதே மூச்சில், "வாம்மா, உள்ள வா. புதுசா கட்டினவளா? என்ன படம் வேணும்?" என்றார்.

அந்தக் கடையின் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எண்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் சிறந்த பத்து அதில் சாக்பீசால் எழுதப்பட்டிருக்கும். படத்தின் பெயர் இருக்காது. எங்களுக்குள் வழங்கும் பெயர்தான். கிணத்துப் படம், ரெண்டு அண்ணன் படம், உப்பளப் படம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வந்து வரிசையை மாற்றச் சொல்லலாம். ஆனால் ஒரு படத்தை மேலே ஏற்ற வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் அதில் ஒரு காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். எதிர்ப்பவரும் ஒரு காட்சி நடிக்க வேண்டும். தீர்ப்பு அக்காவுடையது. துரைசாமி அண்ணன் ஒருமுறை கத்திக்குத்துப் பட்டுச் சாகும் காட்சியை நடித்து, உண்மையிலேயே முழங்கை பெயர்ந்து, ரெண்டு அண்ணன் படத்தை ஏழிலிருந்து நான்குக்குக் கொண்டுவந்தார்.

முதலிடம் மட்டும் மாறியதில்லை. அது உப்பளப் படம்.

அந்தப் படத்தில் உச்சிவெயிலில் உப்புப் பாத்தி நடுவே கதாநாயகன் கதாநாயகியை ஓங்கி அறைவான். அவள் விழுவாள். எழுந்து, அடித்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். திரையரங்கில் விசில் பறக்குமாம். இதை எப்படி முதலிடத்தில் வைக்கிறீர்கள் என்று வந்த புதிதில் கேட்டேன்.

அக்கா தன் முன்பல் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "எண்பத்தாறுல இந்தப் படத்துக்குப் போகணும்னு புருஷன்கிட்ட கேட்டேன். எவர்சில்வர் கிளாஸால அடிச்சான். பல்லு போச்சு. மறுநாள் வாயில பஞ்ச வச்சுக்கினு தனியா மேட்னி போனேன். அந்த ஹீரோ அடிச்சான் பாரு, அடிச்ச பிறகு அவன் கை நடுங்குது. என் புருஷன் கை நடுங்கவே இல்ல. அங்கயே, சீட்லயே தெரிஞ்சுக்கினேன். இவன் கூட இனிமே நக்கோ, வேணவே வேணாம். வீட்டுக்குப் போகல, அம்மா வீட்டுக்குப் போனேன்."

ஒரு பெண்ணுக்கு வாழ்வைத் திருப்பிக் கொடுத்த படம். அதை யார் கீழே இறக்குவார்கள்? கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாஸ்கர் என்னை முதல்முறை அடித்தது அதற்கு நான்கு மாதங்கள் கழித்து. சாதத்தில் கல் இருந்தது. அடித்துவிட்டு அவர் தன் கையைப் பார்த்தார். கை நடுங்கியது. நானும் பார்த்தேன். எனக்குள் பெரிய நிம்மதி பரவியதை இன்று எழுதக் கூசுகிறது. நடுங்குகிறவன் நல்லவன் என்று நினைத்தேன். இரண்டாவது முறை கதவு இடுக்கில் என் விரல்களை வைத்துச் சாத்தினார். அப்போதும் நடுங்கினார். மூன்றாவது, நான்காவது. ஒரு தடவை இடது காதோடு சேர்த்து அறைந்ததில் ரத்தம் வந்து செவிப்பறை கிழிந்தது. மருத்துவரிடம் படியில் விழுந்ததாகச் சொன்னேன். இரண்டு வருடம் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் என் காயத்தைப் பார்க்காமல் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணத்துப் படத்துக்கு முதலிடம் கேட்டு ஒருவர் சவால் விட்டார். உப்பளப் படத்துக்காக பாஸ்கர் எழுந்தார். காட்சிகளை நடிப்பதில் கடையில் அவருக்கு நிகரில்லை.

"பத்மா, சும்மா இங்கன வந்து நில்லு. நீதான் ஹீரோயினி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் போய் நின்றேன். அவர் வசனம் பேசி, கையை ஓங்கி வீசி, என் கன்னத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தினார். நான் இரண்டு கைகளாலும் இடது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிலர் அதையும் நடிப்பென்று நினைத்துச் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கவுண்டரைவிட்டு வந்து என் அருகில் குந்தினார்.

"ஏன் காத பொத்துற? அவன் கன்னத்துக்குத்தானே ஓங்கினான்?"

அவர் என் கையை விலக்கிக் காதைப் பார்த்தார். வீங்கிக் கோணியிருந்த என் விரல்களைப் பார்த்தார். அப்போது நான், அவரிடம் பாஸ்கருக்காகப் பரிந்து, மெதுவாகச் சொன்னேன்: "ஆனா கை நடுங்கும் அக்கா. ஒவ்வொரு தடவையும் நடுங்கும்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதைப் பார்த்தேன். எழுந்து போய்ப் பலகையில் முதல் வரியை உள்ளங்கையால் அழித்தார்.

"என்னக்கா இது? ரூல் என்ன? எதிர்க்கிறவங்களும் சீன் காட்டணும்ல?" என்று பாஸ்கர் சிரித்தபடியே கேட்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "எந்திரி, வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றார்.

"ஹவ், ஆமா. ரூல் இருக்கு. காட்டுறேன்" என்றார் அக்கா. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து பாஸ்கரின் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு ஒரு காதில் மட்டும் கேட்டது. இரண்டாவது அடி விழுவதற்குள் துரைசாமி அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போதும் ரெஜினா! செத்துடுவான்!"

"சாவட்டும்" என்றார் அக்கா.

அன்று முழுவதும் அவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். என் காதுக்குப் பார்த்த மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லிச் சீட்டு வாங்கி, நானும் ஒரு புகார் கொடுத்த பிறகே பாஸ்கர் தன் புகாரைத் திரும்பப் பெற்றார். எங்களைப் போல மென்பொருள் வேலைக்கு வந்த குடும்பங்கள் பல கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் வெளியாள் கம்பி எடுக்கலாமா என்றார்கள். நான் அக்கா வீட்டின் பின்னறையில் ஏழு மாதம் இருந்தேன்.

அங்கே இருந்தபோது ஒரு மதியம் அவர் உப்பளப் படத்தைப் போட்டார். பதினைந்து வருடமாக அதைத் திரும்பப் பார்த்ததில்லையாம். அதான் மனப்பாடமாச்சே என்பார். அந்தக் காட்சி வந்தது. அறைந்தான். அவள் விழுந்தாள். அவன் கை இடுப்புக்குப் போய்க் கல்லைப் போல நின்றது. அக்கா பின்னோக்கி ஓட்டினார். நான்கு தடவை பார்த்தோம்.

"நடுங்கலடி" என்றார். "வாயில பஞ்சு, ரெண்டு கண்ணுலயும் தண்ணி. நான்தான் நடுங்க வெச்சிருக்கேன். எனக்கு வேண்டியிருந்துச்சு. அத ஊருக்கெல்லாம் சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேன்."

அஞ்சலியில் எழுதக் கூடாததாக இருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன். அன்று எனக்கு அவர் மேல் கடும் கோபம் வந்தது. என் காதுக்கு அவரும் ஒரு காரணம் என்று கத்தினேன். அவர் மறுக்கவில்லை. கேசட்டின் நாடாவைக் கைநிறைய உருவி, அரிவாள்மணையில் வைத்து அரிந்தார். விரலிலும் வெட்டிக்கொண்டார். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் தட்டில் மீன் வைத்துவிட்டு, "முள்ளு இருக்கு, பாத்து" என்றார். அவ்வளவுதான்.

பலகையில் இரண்டு முதல் பத்து வரை சண்டை தொடர்ந்தது. முதலிடம் ஏன் காலி என்று கேட்பவர்களிடம், "அந்த இடத்துக்கு இன்னும் எவனும் படம் எடுக்கல" என்பார். கேசட் போய் சிடி வந்து, சிடியும் போய், கடை செல்போன் ரீசார்ஜ் கடையான பிறகும் அந்தப் பதில் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பியபோது ஓர் இளம்பெண் என் அருகில் வந்தாள். உதட்டில் தையல் இருந்தது. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலைக்காரரின் மனைவி. மூன்று வாரமாக அக்காவின் பின்னறையில் இருந்திருக்கிறாள். "நீங்க பத்மா அக்காவா? எனக்கு எதாச்சும்னா உங்ககிட்ட போன்னு சொன்னாங்க" என்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது.

நான்கு நாட்களாக அவள் என் வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் இரண்டு முறை வந்து கதவை உதைத்துவிட்டுப் போனான். கதவின் கீழ்ப்பலகை பிளந்துவிட்டது. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், நாளை தேக்குப் பலகையோடு வருகிறார்.

நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள் அக்கா. கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.