காட்டில் பேசிய சம்பந்தம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனோம்.

காட்டுக்கு.

அச்சுப்பிழை இல்லை, காட்டுக்குத்தான். குச்சவெளி தாண்டி, கரையோர றோட்டை விட்டு மேற்கே திரும்பி, இனி வாகனம் போகாது என்ற இடத்தில் இறங்கி, பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்ச் சேரும் ஓர் இடம். சின்னக் குளம் ஒன்று. அதன் ஓரத்தில் பாலை மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்கலாம். கரண்ட் இல்லை. போனுக்கு சிக்னல் இல்லை. ஒரு கிணறு, ஒரு வாளி, கல் அடுப்பு, சற்றுத் தள்ளித் தகரக் கதவு போட்ட ஒரு கக்கூஸ். வசதி என்று சொன்னால் அவ்வளவுதான்.

யோசனை என் மகள் அபியினுடையது.

அபி திருகோணமலை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தோள்மூட்டு வலியோடு வந்த ஒரு பெடியனுக்குப் பயிற்சி கொடுத்தாள். தோள் சுகமாகிவிட்டது. பெடியன் வருவது மட்டும் நிற்கவில்லை. பெயர் ஜெரோம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். தகப்பன் இல்லை. தாய் பிலோமினா ரீச்சர், பாலையூற்றில் இருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள்; "வேதக்காரர்" என்ற ஒரு சொல்லோடு கதையை முடித்துவிட்டார். அங்கே பிலோமினா ரீச்சருக்கும் அதே தலையிடி. "சைவக்காரர்" என்று அவரும் முடித்துவிட்டாராம். சொல்தான் வேறு, தலையிடி ஒன்றுதான்.

ஏற்கனவே ஒருமுறை எங்கள் வீட்டு ஹோலில் சந்தித்தோம். வெயிலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தோம். என் கணவர் பேப்பரை மடித்தார், விரித்தார். ரீச்சர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். எல்லோரும் எவ்வளவு மரியாதையாக இருந்தோம், தெரியுமா? ஒருவரையொருவர் துளிகூட அறியாமல் பிரிவதற்கு மரியாதையைப் போல வசதியான சாமான் வேறென்ன?

அதற்குப் பிறகுதான் அபி சொன்னாள்: "ஒரு ராத்திரி எல்லாரும் ஒண்டாக் காட்டில தங்குவம். அதுக்குப் பிறகும் நீங்கள் வேண்டாமெண்டா, நாங்கள் உங்கட சொல்லைக் கேக்கிறம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஜெரோமும் தாயிடம் அதையேதான் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையை ஒரு கூடாரத்துக்குள் பணயம் வைத்துவிட்டார்கள்.

என் கணவர் உடனே சம்மதித்தார். குளம், வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்த மனிசன், பாதி வயதைக் காட்டு முகாம்களில் கழித்தவர். காடென்றால் அவருக்குப் பயமில்லை. சம்பந்தி என்றால்தான் பயம்.

நான்? எனக்கு எங்கே போனாலும் பயமில்லை. மகள் வாழப்போவது பெடியனோடு மட்டுமில்லையே, அந்தத் தாயோடும்தானே. அந்த மனிசி எப்படிப்பட்டவர் என்று பார்த்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கபூர் நானா கிணற்றையும் கக்கூஸையும் காட்டிவிட்டுத் தன் குடிசை வாசலில் போய் உட்கார்ந்தார். என் கணவர் எங்கள் கூடாரத்தை ஒரு ஓரத்தில் அடித்தார். ரீச்சர் தன்னுடையதை மறு ஓரத்தில் அடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு பஸ் திரும்பலாம்.

ஜெரோம் அடுப்பை மூட்டத் தொடங்கினான். ஹோட்டலில் காஸ் அடுப்பைத் திருகிப் பழகிய கை. இங்கே விறகு புகைத்தது, அவன் இருமினான், அபி ஊதினாள், மறுபடி புகைத்தது. ஒரு நிமிடத்தில் நெருப்பு மூட்டத் தெரிந்த என் கணவர், கையைக் கட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்? ஒரு உதவி? ம்ஹும். அந்தப் பெடியனோடு அன்று காலையிலிருந்து அவர் பேசிய மொத்தப் பேச்சும் ஒரு "ம்".

எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. ஆனால் ரீச்சர் பக்கத்தில் பாயில் இருக்கிறாரே! அதனால் நாங்கள் இருவரும்... வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

பொழுது சாயத் தொடங்க, ரீச்சர் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனார். மர உச்சிகளில் இன்னும் வெயில் இருந்தது.

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம்தான். குளக்கட்டிலிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல், யானை இறங்கி வந்தது.

பெரிய யானை. தனி யானை. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நடந்து, கக்கூஸ் கதவுக்கு முன்னால் வளர்ந்திருந்த புல்லுக்குள் நின்றது. துதிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, ஆற அமரச் சாப்பிடத் தொடங்கியது.

தகரக் கதவுக்கும் அதற்கும் இடையில் ஒரு பாய் விரிக்கலாம். அவ்வளவு இடம்தான்.

ஜெரோம் கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டு எழும்பினான். அவன் எங்கே போகப் போகிறான் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவன் ஓரடி வைக்க முந்தி, என் கணவர் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"நில்லும் தம்பி. ஓடினீர் எண்டா அது மிரண்டுடும். அம்மா உள்ளுக்கை இருக்கிற மட்டும் பயமில்லை."

"வெளியில வந்தா, அங்கிள்?"



அதுதான் உண்மையான ஆபத்து. உள்ளே இருக்கிறவருக்கு வெளியே நிற்பது தெரியாது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. இனிக் கதவைத் திறந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக யானையின் காலடியில் வந்து நிற்பார்.

கபூர் நானா எங்கள் பக்கம் மெல்ல நகர்ந்து வந்திருந்தார். கத்த வேண்டாம் என்று கையால் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வழமையாக் கதைக்கிற மாதிரிக் கதைக்கலாம். மனிசர்ர கதை அதுக்குப் பழக்கம். திடீரெண்டு கத்தினாத்தான் மோசம்."

வழமையாகக் கதைத்தால் அவ்வளவு தூரம் கேட்குமா? கேட்டாலும், நாங்கள் எங்களுக்குள் பேசுகிறோம் என்றுதானே ரீச்சர் நினைப்பார்? கத்தக் கூடாது, ஆனால் கேட்க வேண்டும். ரீச்சர் காது கொடுக்க வேண்டும். எப்படி?

நான் படித்தது கொன்வென்ற்றில். பத்து வருஷம் தினமும் காலையில் சிஸ்டர்மாரோடு நின்று மாதா பாட்டுப் பாடியவள். பாடகர் குழு நடத்துகிற ஒரு மனிசிக்கு எந்த நேரமும் காதில் விழக்கூடியது அந்த மெட்டு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. நிதானமாக, நீட்டி, அந்த மெட்டில் பாடத் தொடங்கினேன்.

"வெளியில வராதேங்கோ ரீச்சர்... கதவைத் திறவாதேங்கோ...
வாசலில் ஆனை நிக்குது ரீச்சர்... சத்தம் போடாதேங்கோ..."

அபி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. யானையின் காது ஒருமுறை விரிந்தது. புல்லைப் பிடுங்குவது நின்றது.  ஆனால் நிறுத்தினால்தான் அதற்குச் சந்தேகம் வரும் என்று பட்டது. இரண்டாம் தரமும் அதையே பாடினேன்.

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

திறந்த கதவு அப்படியே நின்றது. பிறகு, பிறந்த குழந்தை தூங்கும் அறையை மூடுவது போல, மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

 பிறகு தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து, அதே மெட்டில், சுருதி பிசகாமல், ஒரு குரல் வந்தது.

"விளங்குது, விளங்குது... உள்ளுக்கை இருக்கிறன்...
ஜெரோமைப் பிடிச்சு வையுங்கோ... அவன் ஓடி வந்திடுவான்..."

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் அவனை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இரண்டு கையாலும்.

யானை தன் பாட்டில் சாப்பிட்டது. நாங்கள் அசையவில்லை. நானும் ரீச்சரும் மாறி மாறிப் பாடினோம். நான் 'இன்னும் நிக்குது' என்று பாட, அவர் 'நிக்கட்டும்' என்று பாடினார். கடைசியில் யானைக்குப் புல் அலுத்ததோ எங்கள் பாட்டு அலுத்ததோ, வந்த மாதிரியே சத்தமில்லாமல் குளக்கட்டில் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. கபூர் நானா போய்ப் பார்த்துவிட்டுக் கை காட்டிய பிறகுதான் நான் பாட்டை நிறுத்தினேன்.

ரீச்சர் வெளியே வந்தார். சேலை மடிப்புக் குலையவில்லை. வாளியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார். வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ரெண்டாவது அடியில சுருதி இறங்கிட்டுது."

அப்போதுதான் என் கணவர் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சட்டென்று விட்டார். ஜெரோமின் மணிக்கட்டில் விரல் அடையாளம் சிவந்து கிடந்தது.

"நீர் ஓடியிருப்பீர்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"ஓம், அங்கிள். ஓடியிருப்பன்."

என் கணவர் நேரே அடுப்பிடம் போய்க் குந்தினார். அடைந்து கிடந்த விறகை இழுத்து எறிந்துவிட்டு, சுள்ளியை எப்படி அடுக்குவது, காற்று எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று பெடியனுக்குக் காட்டிக் கொடுத்தார். நெருப்புப் பிடித்தது. அதன் பிறகு அந்த ஹோட்டல் சமையல்காரன் வைத்த தேங்காய்ப்பால் சொதியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் தலை நிமிராமல் சொன்னார்: "ரீச்சர், மறைக்க ஒண்டுமில்லை. எனக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லாமல்தான் வந்தனான்."

"நானும்தான் விருப்பமில்லாமல் வந்தனான்" என்றார் ரீச்சர்.

எங்கள் ஹோலில் இப்படி ஒரு வசனம் வந்திருக்குமா? வந்திருந்தால் அன்றைக்கே இரண்டு குடும்பமும் முறிந்திருக்கும். இங்கே இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. இப்போது எப்படி என்று கேட்டேன்.

என் கணவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆனையைப் பாத்தும் தாயிட்டை ஓடப்பாத்த பெடியன். என்ர பிள்ளைக்கு ஒண்டெண்டாலும் ஓடுவான்."

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்கட மனிசி எனக்காக எங்கட மாதா பாட்டைப் பாடினவ. அவவின்ர பிள்ளையை வேண்டாமெண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

அபி எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். தண்ணீர் எடுக்க என்று சொன்னாள். வாளியைக் கொண்டு போகவில்லை.

அன்றிரவு எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால் என் கணவரும் ரீச்சரும் குளக்கட்டில் நின்று யானையின் கால் அடையாளத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் தேத்தண்ணி ஊற்றினான். அபி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கும் பயிற்சி தேவை என்று தீர்ப்புச் சொன்னாள்.

எனக்கு அன்று ஒன்று உறுதியாகத் தெரிந்தது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மறைக்க முடியாத இடத்துக்குப் போக வேண்டும். குசினியில் சமையலும் உட்காரக் கதிரையும் இருக்கிற இடத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். வாளியைத் தூக்க வேண்டிய இடத்தில், பயம் வருகிற இடத்தில்தான், யார் யாருக்காக எழும்புகிறார்கள், யார் யாரைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்பது தெரியவரும். யானைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் அடுப்பு மூட்டுவதற்குள்ளேயே பாதிக் குணம் வெளியில் வந்துவிடும்.

போன கிழமை ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேவாலயக் காலண்டரையும் கொண்டு வந்திருந்தார். என் கணவர் எங்கள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். எங்களுக்கு ஆடி கூடாது, மார்கழி கூடாது. அவர்களுக்குத் தவக்காலம் கூடாது, திருவருகைக் காலம் கூடாது. எல்லாம் போக ஆவணியில் ஒரு நாள் இரண்டு காலண்டரிலும் சும்மா கிடந்தது. இருவரும் சேர்ந்து அதற்கு வட்டம் போட்டார்கள். காலையில் கோயிலில் தாலி, பின்னேரம் தேவாலயத்தில் மோதிரம்.

இனிக் கலியாணச் சாப்பாடு சைவமா, மச்சமா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு எந்தக் காட்டுக்குப் போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.